ஜோர்ஜியா தந்த இலியா சாவ்சவாட்சே

ஜோர்ஜியா என்றதும் நம்மிற் பலர்க்கு அமெரிக்காவின் தென்பாகத்து மாநிலமொன்றே நினைவுக்கு வரும். இங்கே கூறவந்த ஜோர்ஜியா அதுவன்று. கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் இடையே, கோக்கேசிய மலைத்தொடரின் தென்சாரலிற் கிடக்கும் தொன்மையான நாடு அது. அந்நாட்டார் தம் நாட்டைச் சகார்த்வேலோ என அழைப்பர். அவர்தம் மொழி ருஷிய மொழிக்கோ துருக்கி மொழிக்கோ பாரசீகத்துக்கோ உறவுடையதன்று. ஆயிரத்தைந்நூறு ஆண்டு பழமையுடைய எழுத்தும் இலக்கியமும் அதற்கு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி வாழ்ந்த ஷோத்தா ருஸ்தாவேலியின் காவியத்தை அம்மக்கள் இன்றும் நெஞ்சிற் பேணி வருகின்றனர்.

பாரசீகரும் துருக்கியரும் மாறிமாறி நெருக்கிய காலத்தில், தம்மோடு ஒரே சமயத்தவராகிய ருஷியரின் துணையை நாடி 1783இல் ஜோர்ஜிய அரசன் உடன்படிக்கை செய்தான். துணைக்கு வந்தோர் 1801இல் நாட்டையே தமதாக்கிக்கொண்டனர். ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடங்கொடுத்தவன் கதை நாம் அறிந்ததே. அரசும் போய், திருச்சபையின் தனியுரிமையும் போய், ஆட்சிமொழியும் போய்விட்ட நாட்டில் எஞ்சியிருந்தவை இரண்டு: ஒன்று, கிராமத்துக் குடியானவன் பேசிய தாய்மொழி, மற்றது, அக்குடியானவனின் கழுத்திற் கிடந்த பண்ணையடிமை நுகம். முன்னதைக் காப்பதற்கும் பின்னதை அறுப்பதற்கும் எழுதுகோல் எடுத்தவரே இலியா சாவ்சவாட்சே. அவ்விரண்டையும் ஒருவரே செய்ய முற்பட்டதனால் விளைந்த பெருமையும் துன்பமும் அவர் வரலாற்றில் நெடுகக் காணப்படும்.

இலியா 1837ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆந் தேதி (அக்கால ருஷியக் கணக்கின்படி ஒக்டோபர் 27) குவரேலி என்னும் ஊரிற் பிறந்தார். அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்கள் மலிந்த காகேத்திப் பிரதேசத்தில் உள்ளது அவ்வூர். தந்தையார் கிரிகோல், பழைய பிரபு குலத்தவர். படையிற் சேவை செய்தவர். தாயார் மரியம், மாலை வேளைகளிற் பிள்ளைகளைச் சுற்றியிருத்தி ஜோர்ஜியச் செய்யுள்களையும் கதைகளையும் வாசித்துக் காட்டும் இயல்பினர். ஏடு தொடக்கியவர் ஊர்க் கோயிலில் ஊழியஞ் செய்த ஓர் எளிய டீக்கன். அவர் கதை சொல்வதில் வல்லவர் என்றும், அவர் வீட்டிற் பிரபுவின் மகனும் குடியானவர் பிள்ளைகளும் ஒருங்கிருந்து கேட்டனர் என்றும் அறிகிறோம். பிற்காலத்தில் இலியாவின் கதைகளிற் காணும் கிராமப் பேச்சின் வளம், பல்கலைக்கழகம் தந்ததன்று. இந்தத் திண்ணை தந்தது.

பத்து வயதில் (1848) தாயை இழந்தார். அவ்வாண்டே தலைநகராகிய திபிலிசிக்குக் கல்வி கற்க அனுப்பப்பட்டார். 1852இல் தந்தையும் மறைந்தார். தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளைத் தாங்கிக்கொண்டவர் தந்தையின் சகோதரியாகிய மக்ரினே மாமி. நகரத்துப் பாடசாலைகளில் எல்லாம் ருஷிய மொழியிலேயே கற்பிக்கப்பட்டன. தாய்மொழி வீட்டுக்குரியது, கல்வி மொழி வேறு என்னும் நிலை. அதன் கசப்பை அனுபவித்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

1857இல் மேற்படிப்புக்காக சென் பீற்றர்ஸ்பேர்க் நகருக்குப் புறப்பட்டபோது இளைஞர்க்கு வயது பத்தொன்பது. பிறந்த ஊரின் மலைகளிடம் விடைபெறும் பாவனையில் அவ்வாண்டு ஒரு கவிதை எழுதினார். இன்றும் ஜோர்ஜியப் பிள்ளைகள் பாடசாலையிற் கற்கும் செய்யுள்களுள் அதுவொன்று. பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தது சட்டப் பகுதி. ஆனால் அந்நான்கு ஆண்டுகளிற் சட்டத்திலும் மேலாக அவர் கற்றது காலத்தின் போக்கு. பெலின்ஸ்கி, செர்னிஷெவ்ஸ்கி முதலானோரின் கருத்துக்கள் மாணவரிடையே பரவியிருந்த காலம் அது. பண்ணையடிமை முறையை ஒழிக்கவேண்டுமென்ற பேச்சு ருஷியா எங்கும் எழுந்திருந்தது. இலியாவின் கவிதைகளிற் பெரும்பகுதி இந்த நான்கு ஆண்டுகளிலேயே பிறந்தது. கள்வன் காக்கோ என்னும் நெடும்பாட்டு 1860இல் எழுதப்பட்டது. கிழவனாகிய தன் தந்தையைப் பிரபு கசையால் அடித்ததைப் பொறாத சக்ரோ என்னும் இளைஞன், அப்பிரபுவைக் கொன்றுவிட்டுக் காட்டுக்கு ஓடிக் காக்கோவின் கூட்டத்திற் சேர்வது அதன் பொருள். இதை எழுதியவர் பிரபு மகன் என்பதை மறந்துவிடலாகாது.

1861இல் மாணவர் கிளர்ச்சி மூண்டது. புதிய கட்டுப்பாடுகளை ஏற்க மனமில்லாது, பட்டம் பெறுவதற்கு ஓராண்டே எஞ்சியிருந்த நிலையில், இலியா பல்கலைக்கழகத்தை விட்டு ஊர் திரும்பினார். ருஷியாவிலிருந்து ஜோர்ஜியாவுக்கு வருவோர் அக்காலத்தில் தெரெக் நதியின் கரையோரமாகவே மலையைக் கடந்து வருவர். ருஷியாவிற் கற்றுத் திரும்பிய இத்தலைமுறையினரைத் தெரெக் நீர் குடித்தவர் என மக்கள் அழைத்தனர். ஏளனமாகத் தோன்றிப் பின்னர்ப் பெருமையாக நிலைத்த பெயர் அது.

அந்தப் பயணமே வழிப்போக்கன் கடிதங்கள் என்னும் உரைநடை நூலாயிற்று. 1861இல் தொடங்கப்பெற்ற அந்நூல் 1871இல் வெளிவந்தது. அளவிற் சிறியது, ஆனால் ஜோர்ஜிய உரைநடையின் புதுவழி இதிலிருந்தே தொடங்குகிறது என்பர். கஸ்பெக் மலைச்சிகரம் ஒருபுறம் அசைவின்றிப் பனிமுடி தரித்து நிற்கிறது. தெரெக் நதி மறுபுறம் இரைந்து பாய்கிறது. மலை உயர்ந்ததாயினும் அதன் தனிமையை இளைஞன் விரும்பவில்லை. ஓடி உழைக்கும் ஆற்றையே விரும்புகிறான். வழியில் லெல்த் குனியா என்னும் மலைவாழ் குடியானவன் அவனோடு கூடிச் செல்கிறான். முன்பு பகைவர் தொல்லை இருந்தது, வறுமையும் இருந்தது, எனினும் நம் காரியம் நம் கையில் இருந்தது. இன்று அமைதி உண்டு, ஆனால் நாம் நமக்குரியவரல்லர் என்னும் பொருள்பட அவன் பேசுகிறான். அக்குடியானவனின் பேச்சை இலியா செந்தமிழ் போன்ற ஏட்டு வழக்கில் அமைக்காது, அவனுடைய மலைநாட்டுக் கொச்சையிலேயே அமைத்தார். நாட்டின் நிலையை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பைப் படித்தவனிடம் கொடாது, படியாதவன் வாயில் வைத்தமை அக்காலத்தார்க்கு அதிர்ச்சி அளித்திருக்கும்.

அதிர்ச்சி அத்தோடு நிற்கவில்லை. ஊர் திரும்பிய 1861ஆம் ஆண்டிலேயே சிஸ்கரி என்னும் சஞ்சிகையில் அவர் ஒரு கண்டனக் கட்டுரை வெளியிட்டார். ருஷியக் கவிஞர் கொஸ்லோவின் நூலொன்றை ரெவாஸ் எரிஸ்தாவி என்னும் பிரபு மொழிபெயர்த்திருந்தார். அம்மொழிபெயர்ப்பைச் சாடவந்த இருபத்துமூன்று வயது இளைஞர், அதைச் சாக்காக வைத்து அக்காலத்து எழுத்து நடை முழுவதையுமே சாடினார். மக்கள் நாவில் உயிரோடிருக்கும் மொழியை விடுத்து, கோயில் ஏடுகளில் மட்டும் கிடக்கும் வழக்கிழந்த சொற்களைக் கோத்து எழுதுவது மொழியைக் காப்பதாகாது, புதைப்பதாகும் என்பது அவர் கட்சி. ஒலி மறைந்துபோய் எழுத்து மாத்திரம் எஞ்சியிருந்த ஐந்து எழுத்துக்களை அவர் தம் எழுத்தில் விட்டொழித்தார். முப்பத்தெட்டு எழுத்துக்களாயிருந்த நெடுங்கணக்கு பின்னர் முப்பத்துமூன்றாக நிலைபெற்றது.

எழுத்திற் கைவைப்பவர் எவராயினும் தமிழாசிரியனுக்கு முதலில் ஐயமே தோன்றும். ஆகவே எதிர்த்தோரின் பக்கத்தையும் சொல்லவேண்டும். முதியோர் கொதித்தெழுந்தனர். சிஸ்கரியிலேயே மறுப்புக்கள் வெளியாயின. மறுத்தோருள் பர்பரே ஜோர்ஜாட்சே என்னும் அம்மையாரும் ஒருவர். பெண்களின் உரிமைக்காகவும் பிற்காலத்திற் பேனா எடுத்தவர் அவர். சமையல் நூலொன்றும் எழுதிப் புகழ்பெற்றவர். அவர் போன்றோர் வெறும் பிடிவாதத்தால் எதிர்த்தார் என்று தள்ளிவிட முடியாது. முன்னோர் ஏட்டிலிருந்து பிரிந்தால் முன்னோரிடமிருந்தே பிரிந்துவிடுவோம் என்ற அச்சம் நியாயமானது. தந்தையர்க்கும் மைந்தர்க்கும் நடந்த போர் என்று இதனைச் சொல்வர். முதுகவிஞரும் படைத்தலைவருமான கிரிகோல் ஒர்பெலியானியும் பின்னர் இப்போரில் இறங்கினார். செய்யுளுக்குச் செய்யுளாகவே விடை பறந்தது. மைந்தர் வென்றனர். எனினும் இலியா பழைய இலக்கியத்தைத் தள்ளியவரல்லர். ருஸ்தாவேலியின் காவியத்தை 1888இல் சிறந்த சித்திரங்களோடு பதிப்பித்தபோது, பாடபேதங்களை ஒப்பிட்டுத் திருத்திய குழுவில் அவரும் இருந்தார். இதனைச் சீர்தூக்கினால், அவர் ஒழித்தது பழமையையன்று, பழமையின் வேடத்தையே என்பது புலனாகும்.

1863இல் ஜோர்ஜியத் தூதன் என்னும் பொருளுடைய பெயரில் சொந்தச் சஞ்சிகையொன்றைத் தொடங்கினார். அது ஓராண்டே நடந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஒல்கா குராமிஷ்விலி என்னும் பெண்ணை விவாகஞ் செய்தார். அந்த ஓராண்டுச் சஞ்சிகையிலேதான் மனிதனும் ஒரு மனிதனா என்று வினவும் தலைப்போடு அவருடைய புகழ்பெற்ற நெடுங்கதை வந்தது.

லுவார்சாப் என்பவன் அக்கதையின் தலைவன். தாரெஜான் அவன் மனைவி. இருவரும் சிறு பிரபுக்கள். உண்பதும் உறங்குவதும் தவிர அவர்கட்கு வேறு தொழிலில்லை. அடுத்த வேளைக்கு என்ன சமைப்பது என்பதே அவர்களின் பேராலோசனை. கட்டிலிற் கிடந்தபடி முகட்டில் மொய்க்கும் ஈக்களை எண்ணுவது அவன் பொழுதுபோக்கு. வீடு இடிந்து கிடக்கிறது, முற்றம் சேறாய்க் கிடக்கிறது, அவனுக்கு உரிமையான குடியானவர் உழைத்து ஓய்கின்றனர்; அவனோ தன்னைக் கடவுள் படைத்த நோக்கம் நிறைவேறிவிட்டதென்றே நம்புகிறான். பிள்ளையில்லாக் குறை ஒன்றே அவர்களை வாட்டுகிறது. அதற்காக மந்திரக்காரியரை நாடி ஏமாறுகின்றனர். ஈற்றில் இருவரும் இறந்துபோகின்றனர். அவர்கள் இருந்ததற்கு அடையாளமில்லை. வாசிப்போர் வயிறு குலுங்கச் சிரிப்பர். சிரித்து முடிந்ததும் ஒருவகைக் குளிர் நெஞ்சிற் படரும். பிரபு குலத்தவர் பலர் இக்கதையில் தம் முகங்கண்டு சினந்தனர். ஆசிரியர் அவர்களை வெறுத்து எழுதவில்லை, நாணி எழுதினார் என்பதே இக்கதையை வாசித்த என் எண்ணம்.

இதற்கு மறுபக்கமாக அமைந்தது பிச்சைக்காரன் கதை. பனிக்காலத்தில் வேட்டைக்குச் சென்றவன், நோயுற்றுக் கிடக்கும் ஒரு பிச்சைக்காரனைக் காண்கிறான். காப்ரோ என்னும் அவன் தன் வரலாற்றைச் சொல்கிறான். பிரபுவின் மகனோடு ஒன்றாக விளையாடி வளர்ந்தவன் அவன். அடிமைச் சிறுவனும் எசமான் சிறுவனும் சகோதரர் போல் இருந்தனர். வயது வந்ததும் எசமான், எசமானாகிவிட்டான்; காப்ரோ மணக்கவிருந்த பெண்மீது கண்வைத்தான். அதனால் இரு குடும்பங்கள் நாசமாயின. கொடியவன் ஒருவனால் வந்த துன்பம் என இதனைச் சொல்லவிடாது, ஒரு மனிதனை மற்றொரு மனிதன் உடைமையாக வைத்திருக்கும் முறையே இருவரையும் கெடுக்கிறது என ஆசிரியர் காட்டும் திறம் இக்கதையின் உயிர்.

கதை எழுதியவர் கதையோடு நின்றுவிடவில்லை. ருஷியாவில் 1861இல் ஒழிக்கப்பட்ட பண்ணையடிமை முறை, திபிலிசி மாகாணத்தில் 1864இலும் குத்தாயிசி மாகாணத்தில் 1865இலும் ஒழிக்கப்பட்டது. ஒழித்த விதத்திலே குறை இருந்தது. குடியானவனுக்கு உடல் விடுதலை கிடைத்தது. காணி பிரபுவிடமே இருந்தது. அவன் உழுத துண்டுக்கு வாரமும் இறைப்பணமும் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். முழுவிலை கொடுத்து மீட்கும்வரை அவன் தற்காலிகக் கடமைப்பட்டவன் எனப்பட்டான். அந்தத் தற்காலிகம் ஜோர்ஜியாவில் 1912வரை நீடித்தது! காணியோடு கூடிய விடுதலையே விடுதலை என்று இலியா வாதாடினார். பிரபுக்கள் செவிசாய்க்கவில்லை.

அவர் செய்தது யாது? துஷேத்தி என்னும் மலைநாட்டுச் சிற்றூருக்குச் சென்று, பிரபுக்களுக்கும் குடியானவர்க்குமிடையே வழக்குத் தீர்க்கும் நடுவர் உத்தியோகத்தை 1864இல் ஏற்றார். எவனுக்கு எந்த வயல், எந்த மேய்ச்சல் நிலம், எந்த வாய்க்கால், எவ்வளவு வாரம் என்பவற்றை வரையறுத்து உறுதி எழுதுவிப்பது அந்த உத்தியோகம். 1868முதல் அவ்வூரிலேயே சமாதான நீதவானாக இருந்தார். நம்மிடையே சமாதான நீதவான் என்றால் கையொப்பத்துக்குச் சான்று கூறுபவர் என்ற அளவே; அங்கோ வழக்குக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டும். இவ்வாறு 1874வரை பத்தாண்டுகள். முப்பது வயதுக்குச் சற்று முன்னும் பின்னுமாக, எழுத்தாளனின் ஆற்றல் முதிரும் பருவம் முழுவதையும் எல்லைத் தகராறும் கடன் தகராறும் கேட்பதிலே கழித்துவிட்டாரே என வருந்துவோர் உளர். அவ்வாண்டுகளில் அவர் எழுதியது குறைவே. ஆயினும் தலைநகரில் இருந்துகொண்டு குடியானவனுக்காகக் கண்ணீர் வடிப்பதினும், குளிரில் அவன் வாசலுக்குச் சென்று அவன் காணியின் எல்லைக்கல்லை நிலைநிறுத்துவது மேலான இலக்கியம் என்று அவர் கருதினார் போலும்.

திபிலிசிக்குத் திரும்பியபின் அவர் கைக்கொண்ட மூன்று பணிகள் அவரது எஞ்சிய வாழ்வை நிரப்பின: வங்கி, பத்திரிகை, கல்விச் சங்கம்.

பத்திரிகையின் பெயர் இவேரியா. 1877 மார்ச்சில் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி, பின் சஞ்சிகையாகி, 1886முதல் நாளிதழாயிற்று. தணிக்கையாளன் கத்தரிக்கோலுக்குத் தப்பவேண்டியதால், சொல்லவேண்டியதை மறைத்தும் வளைத்தும் எழுதும் வித்தையைப் பத்திராதிபர் நன்கு பயின்றார். மலைநாட்டுப் பெருங்கவிஞர் வாஷா பிஷாவேலாவின் ஆக்கங்கள் பல இதில் வெளிவந்தன. 1895இல் குருமார் கலாசாலை மாணவன் ஒருவனின் பாக்கள் ஐந்தும் இவேரியாவில் அச்சேறின. பதினாறு வயதான அம்மாணவனின் பெயர் யோசேப் ஜுகாஷ்விலி. பிற்காலத்தில் ஸ்டாலின் என்னும் பெயரால் உலகறிந்தவர் அவரே. எந்த விதை எவ்வாறு முளைக்கும் என்பதைப் பத்திராதிபர் யாங்ஙனம் அறிவார்!

ஐவானே மச்சபெலி என்னும் இளைய நண்பரோடு சேர்ந்து சேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தை ஜோர்ஜிய மொழிக்குப் பெயர்த்ததும் இக்காலத்தே. 1877இல் அது நூலாயிற்று. மச்சபெலி தொடர்ந்து சேக்ஸ்பியரின் பெருநாடகங்கள் பலவற்றை மொழிபெயர்த்துப் பெரும்புகழ் பெற்றார். இந்த நட்பைப் பற்றி மேலும் சொல்லவேண்டியுள்ளது.

கல்விச் சங்கம், ஜோர்ஜியரிடையே எழுத்தறிவு பரப்பும் சங்கம் எனப்படும். 1879இல் நிறுவப்பட்டது. பாடசாலைகளில் ஜோர்ஜிய மொழியை அரசாங்கம் படிப்படியாக ஒடுக்கி வந்த காலத்தில், மக்கள் பணத்தால் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் அமைப்பது, மலிவு விலையில் நூல் பதிப்பிப்பது, பழைய ஏட்டுச் சுவடிகளைச் சேகரிப்பது என்பவற்றை அது மேற்கொண்டது. இலியா தொடக்கம்முதல் அதன் தூணாயிருந்து, 1885முதல் இறக்கும்வரை அதன் தலைவராயிருந்தார். அச்சங்கத்தின் மற்றொரு தூண் யாக்கோப் கொகெபஷ்விலி. ஆசிரியராகிய நாம் அவரை விட்டுச்செல்ல முடியாது. 1876இல் தாய்மொழி என்னும் பெயரில் அவர் வெளியிட்ட அரிச்சுவடியிலேயே தலைமுறை தலைமுறையாக ஜோர்ஜியப் பிள்ளைகள் எழுத்தறிந்தனர். எழுத்தாளரும் அரிச்சுவடி ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து பணிசெய்த சங்கம் அது.

வங்கியின் கதை இத்துணை இனிதன்று. அடிமைகளை இழந்த பிரபுக்கள் உழைக்கவும் அறியாது செலவைக் குறைக்கவும் அறியாது கடனில் மூழ்கினர். காணிகள் வட்டிக்காரர் கைக்கு மாறின. காணியை ஈடுபெற்றுக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுப்பதற்காகப் பிரபுக்கள் காணி வங்கி தொடங்கப்பட்டது. 1875முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் இலியா அதன் தலைவர். இலாபத்தைப் பங்காளர் பிரித்துக்கொள்ளாது, கல்விக்கும் பொதுக் காரியங்களுக்கும் செலவிடவேண்டும் என்பது அவர் கொள்கை. திபிலிசியில் பிரபுக்கள் பெயரால் எழுந்த ஜோர்ஜியப் பாடசாலைக்கு அவ்வழியே உதவி கிடைத்தது. அப்பாடசாலைக்கென எழுப்பிய மாளிகையிலேதான் 1918இல் ஜோர்ஜியாவின் முதற் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. எனினும் பணமுள்ள இடத்திற் பகையும் உண்டு. வங்கி நிருவாகத்திற் கட்சிகள் தோன்றின. எதிர்க்கட்சியின் தலைவராக நின்றவர், லியர் அரசனை உடனிருந்து மொழிபெயர்த்த மச்சபெலியே. ஆண்டுக்கணக்காக நடந்த அப்பூசலில் இருவரும் மனங்கசந்தனர். 1898ஆம் ஆண்டு கோடையில் ஒருநாள் வீட்டை விட்டுச் சென்ற மச்சபெலி திரும்பி வரவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை வெளிப்படவில்லை.

இவ்வாறு வங்கியில் உழன்றுகொண்டிருந்த காலத்திலேதான் அவருடைய கதைகளுள் மிகச் சிறந்ததென யான் மதிக்கும் ஒத்தாரின் விதவை 1887இல் வெளிவந்தது. ஒத்தாரின் விதவை கடுஞ்சொற்காரி, கையோ கொடைக்கை. இரப்பவனை ஏசிக்கொண்டே அவனுக்கு உணவளிப்பவள். அவளுடைய ஒரே மகன் கியோர்கி, அயலூர்ப் பிரபுவின் தங்கை கேசோவை மனத்தில் நினைத்து, அவளைக் காணும் பொருட்டே அவ்வீட்டிற் கூலியாளாகச் சேர்கிறான். அவன் மனத்தை அப்பெண் அறியவில்லை. அறியாததற்குக் காரணம் கொடுமையன்று. அவர்கள் நல்லவர்கள், படித்தவர்கள், குடியானவனிடம் அன்புடையவர்கள். இடையிலிருந்த பாலம் இடிந்துபோயிற்று, அவ்வளவே. வேலைசெய்யும்போது விபத்துற்றுக் கியோர்கி சாகும் தறுவாயிலேதான் உண்மை வெளியாகிறது. தாயும் மகன் கல்லறைமேல் உயிர்விடுகிறாள். அடிமை முறை சட்டத்தில் ஒழிந்து இருபத்துமூன்று ஆண்டு கழிந்தபின் எழுதப்பட்ட கதை இது. சட்டம் ஒழித்ததை மனம் ஒழிக்கவில்லை என்பதை, எவரையும் பழிக்காது எழுதியிருக்கிறார். இளமையில் லுவார்சாபை எள்ளிய கை இங்கே எள்ளவில்லை.

ஆனால் நாட்டில் வேறு காற்று வீசத் தொடங்கியிருந்தது. மார்க்ஸீயக் கொள்கையை ஏற்ற புதிய தலைமுறையொன்று 1890களில் எழுந்தது. பின்னர் 1918முதல் சுதந்திர ஜோர்ஜியாவின் அரசுக்குத் தலைமை தாங்கிய நோயே ஜோர்தானியா அவர்களுள் முதல்வர். 1900இல் அவர் இலியாவை வெளிப்படையாகச் சாடினார். பிரபு, குடியானவன், தொழிலாளி என்ற பேதத்தைக் கடந்து ஒரே மக்களாக நிற்கவேண்டும் என்றார் இலியா. அவ்வொற்றுமை பிரபுக்களுக்கே ஆதாயம் என்றனர் இளையோர். ஒருகாலத்தில் தந்தையரைச் சாடிய மைந்தர், இப்போது தாமே சாடப்படும் தந்தையாயினார். அக்குற்றச்சாட்டு முற்றிலும் பொய் என்று சொல்வதற்கில்லை. பிரபுக்களின் காணியைக் காத்த வங்கி, காணியற்றவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. மேற்கு ஜோர்ஜியாவின் கூரியாப் பகுதியிற் குடியானவர் 1902முதல் வாரங்கொடுக்க மறுத்துத் தாமே தம்மை ஆண்டபோது, அவர்கள் வழிகாட்டியாகக் கொண்டது இலியாவையன்று. எனினும் அவர்கள் கையிலிருந்த பத்திரிகை நடையும், வாசிக்கக் கற்ற எழுத்தும், பிரபுவும் மனிதனே என்ற துணிவும் எங்கிருந்து வந்தன என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்தனரோ, அறியோம்.

1906இல் ருஷியப் பேரரசின் இராச்சிய சபைக்கு ஜோர்ஜியப் பிரபுக்களின் பிரதிநிதியாக இலியா தெரிவுசெய்யப்பட்டார். புரட்சியை ஒடுக்கும் பொருட்டு அரசாங்கம் எண்ணிறந்தோரைத் தூக்கிலிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அறுபத்தெட்டு வயது முதியவர் மரண தண்டனையை ஒழிக்கவேண்டுமென அங்கே வாதாடினார். இது திடீரென வந்த கருணையன்று. 1879இலேயே தூக்குமரத்தில் என்னும் சிறுகதையை அவர் எழுதியிருந்தார். வழியிற் கண்ட இரு சிறுவர்க்கு இரங்கி, அவர்களால் ஏமாற்றப்பட்ட வண்டிக்காரக் கிழவன் பெத்ரே, பின்னொருநாள் நகரிற் கூட்டங் கண்டு விழாவோ என எட்டிப் பார்க்கிறான். தூக்கில் நிற்பவன் அச்சிறுவருள் ஒருவன். சுற்றி நின்றோர் வேடிக்கை பார்க்கின்றனர். தன் பொருளைத் திருடியவனுக்காகக் கிழவனின் நெஞ்சு பதறுகிறது.

1907ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆந் தேதி (ருஷியக் கணக்கில் ஓகஸ்ட் 30), மனைவி ஒல்காவோடு திபிலிசியிலிருந்து சகுராமோவிலிருந்த தம் வளவுக்கு வண்டியிற் சென்றுகொண்டிருந்தார். பழைய தலைநகராகிய மெத்ஸ்கேத்தாவுக்கு அருகே, சிற்சமூரி என்னுமிடத்திற் பதுங்கியிருந்தோர் வழிமறித்துச் சுட்டனர். இலியா அவ்விடத்தே மாண்டார். உடன்சென்ற ஏவலாளும் மாண்டார். ஒல்கா அடியுண்டு உயிர் தப்பினார். நாடு முழுவதும் திரண்டு வந்து அழுதது. திபிலிசி நகருக்கு மேலே, புனித மலை என்னும் பொருளுடைய மதாட்ஸ்மிந்தாவில் அவரை அடக்கஞ் செய்தனர்.

ஏவியவர் யார் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. சாரின் இரகசியப் பொலிசார் என்பர் ஒருசாரார். புரட்சிக் கட்சியினர் என்பர் வேறொருசாரார். சுட்டவருள் ஒருவர் நெடுங்காலம் தப்பித் திரிந்து, 1940களின் தொடக்கத்திற் சோவியத் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். ஆட்சிகள் மாறுந்தோறும் குற்றவாளியும் மாறினான் என்பதே உண்மை. ஜோர்ஜியத் திருச்சபை 1987இல் அவரை நீதிமான் இலியா என்னும் பெயரால் அடியார் வரிசையிற் சேர்த்தது. திபிலிசியில் ஒரு பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் நடத்திய காணி வங்கிக்காக அவர் மறைந்தபின் எழுப்பிய மாளிகை, இன்று நாட்டின் தேசிய நூலகமாக விளங்குகிறது. சகுராமோ வீடு 1951முதல் அரும்பொருட்சாலை.

ஒன்று மட்டும் சொல்ல எஞ்சியுள்ளது. கொலைக்காகப் பிடிபட்டோர்க்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, அதனை நிறைவேற்ற வேண்டாமென அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தவர் ஒல்கா. தம் கணவர் உயிரோடிருந்தால் அவர்களை மன்னித்திருப்பார் என்பது அவர் கூறிய காரணம். அரசாங்கம் அதைக் கேளாது தூக்கிலிட்டது. பிள்ளையில்லாத அவ்வம்மையார் அதன்பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்து 1927இல் மறைந்தார்.